பழைய கிதாரின் மதிப்பு

முல்லைப் பெரியாற்றின் நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கு, வயல்வளத்தால் மட்டுமன்றி இசையாலும் பெயர் பெற்றது. இங்குள்ள பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் இசையமைப்பாளர் இளையராஜா. தம் தமையனார் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் ஆர்மோனியம் வாசித்த அவர், பின்னர்ச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றார். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார்.

கிதாருக்கும் நம் மலைகளுக்கும் வேறோர் உறவும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் ஈட்டி மரம் வளர்கிறது. இதனைத் தோதகத்தி என்றும் கூறுவர். 1833இல் தோன்றிய மார்ட்டின் என்னும் அமெரிக்க நிறுவனம், பிரேசில் நாட்டு ஈட்டியால் நெடுங்காலம் கிதார் செய்துவந்தது. அம்மரம் கிடைப்பது அரிதாகவே, 1969இல் இந்திய ஈட்டியை மேற்கொண்டது. ஆகவே, அதற்கு முன் பிரேசில் ஈட்டியால் செய்யப்பெற்ற கிதார்களைத் திரட்டுவோர் இன்று பெரும்பொருள் கொடுத்து வாங்குகின்றனர்.

பழையது என்பதனாலேயே ஒரு கிதார் உயர்ந்ததாகிவிடுமா? ஆகாது. அதனை மூன்று வகையால் ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, அதன் வயது. மார்ட்டின் கிதாரின் உட்புறத்தே பொறித்துள்ள தொடரெண்ணைக் கொண்டு, அது செய்யப்பெற்ற ஆண்டை அறியலாம்.

இரண்டாவது, அதன் உறுதி. இரும்புத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் விசையுடன் இழுக்கின்றன. பல்லாண்டுகள் இவ்விழுப்பைத் தாங்கிய கிதாரில், கழுத்து வளைந்திருக்கலாம்; தந்திகளைத் தாங்கும் குதிரை என்னும் உறுப்பு பெயர்ந்திருக்கலாம்; முகப்பலகை வெடித்திருக்கலாம்.

மூன்றாவது, அதன் இயல்பு மாறாமை. முறுக்காணிகளும் மெருகும் முதலில் அமைந்தவையாகவே இருத்தல் வேண்டும். மங்கிய கிதாரைப் புதுப்பிக்க எண்ணிச் சிலர் பழைய மெருகைச் சுரண்டிவிட்டுப் புது மெருகு பூசுகின்றனர். கருவி பளபளக்கும், ஆயினும், விலை பெரிதும் குறைந்துவிடும். மெருகு தடித்தால் முகப்பலகையின் அதிர்வும் குன்றும். அழகு செய்வதாக எண்ணிக் கேடு செய்தவர் ஆவோம்.

கோடை வெப்பத்தில் பசை இளகும். மழைக்கால ஈரத்தில் மரம் உப்பும். ஆதலின், இத்தகைய கருவியை வெயிலும் ஈரமும் தாக்காத பெட்டியில் வைத்துக் காத்தல் நன்று.

மாணவர்களே! உங்கள் வீட்டுப் பரண்மீதும் பாட்டனார் வாசித்த இசைக்கருவி ஒன்று கிடக்கலாம். பழம்பொருள் என்று எறிந்துவிடாதீர்கள். பொன்னென்று மயங்கவும் வேண்டா. ஆராய்ந்து அறிந்தபின் அதன் மதிப்பை உரையுங்கள். வளர ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்ட மரமும், செதுக்கிய தச்சனின் கைத்திறனும் அதனுள் அடங்கியுள்ளன.