பன்னீர் திராட்சைக்கு ஊர்ப் பெயர் எப்போது?

மூக்குக்கு இனிக்கும், நாக்குக்கு இனிக்காது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் மஸ்கட் திராட்சையிலிருந்து எடுக்கும் ‘ட்ரை’ வெள்ளை ஒயினை முதன்முறை குடிப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பழத்தின் சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்றுவிடும். மணத்தை மட்டும் விட்டுவைக்கும். அதே மஸ்கட் குடும்பத்துப் பிள்ளைதான் கொடைரோட்டில் கூடை கூடையாக விற்கும் பன்னீர் திராட்சை.

இந்தப் பன்னீர் திராட்சையிலும் அப்படியொரு ஒயின் எடுக்கலாம். கருப்புப் பழத்தில் வெள்ளை ஒயினா? நிறம் தோலில்தான் இருக்கிறது. பிழிந்த கையோடு தோலைப் பிரித்துவிட்டால் சாறு வெளிறியே நிற்கும். ஷாம்பெயின் பகுதியில் இது பழைய வழக்கம். பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு சில மாதம் விட்டு, அவ்வப்போது கலக்கிவந்தால் ஒயினுக்கு வாயில் ஒரு கனம் சேரும். ஒரே கவனம், அறுவடை நேரம். சமவெளி வெயிலில் பழத்தின் புளிப்பு வேகமாக இறங்கும் என்பதால் கொஞ்சம் முன்கூட்டியே வெட்டவேண்டும்.

அடுத்தது பெயர். நாசிக்கில் ஒருவர் தன் தாயின் பெயரைச் சுருக்கிப் புட்டியில் ஒட்டினார். பெங்களூரு பக்கம் ஒரு பழைய ஆலமரம் ஒயினுக்குப் பெயர் தந்தது. கொடைரோட்டுக்கு வந்தால் கதை வேறு. இங்கே எல்லாமே இரவல் பெயர்.

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பெயரில் ஜெர்மன் நகரம் இருந்தாலும் பிறந்தது இங்கிலாந்தின் தோட்டத்தில், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். காலக் கணக்கு உதைக்கிறது. அவர் கொண்டுவந்தது வேறு கொடியாக இருக்கலாம். ‘பன்னீர்’ நம்மவர்கள் மணத்தைப் பார்த்து வைத்தது. 2023-ல் புவிசார் குறியீடு வந்தபோது அதில் ஏறிய ஊர் கம்பம். கொடைரோடு என்ற பெயரும் இரவல்தான். அம்மையநாயக்கனூர் ரயில் நிலையம், மலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் என்பதால் ‘கொடைக்கானல் ரோடு’ ஆனது.

பெயர் இல்லாததன் நஷ்டம் தோட்டத்தில் தெரியும். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு, ஜாதிக்கவுண்டன்பட்டி பக்கமெல்லாம் கல்கால் ஊன்றிய பந்தல்கள். கவாத்து செய்து நான்கு மாதம் செவட்டை நோயோடு மல்லுக்கட்டி, பழம் கருக்கும் நேரத்தில் மழை பிடித்தால் காய் வெடித்துவிடும். அன்றைக்கு வியாபாரி சொல்வதுதான் விலை. பழத்தை ஒரு வாரம் வைத்திருந்து விற்க வழியில்லை. விதையில்லாத வடநாட்டுத் திராட்சையோடு போட்டி வேறு.

வெள்ளை ஒயின் என்ற இரண்டாவது சந்தை இருந்தால் இந்தப் பேரம் மாறும். 2006-லேயே தமிழ்நாட்டில் ஒயின் தயாரிப்புக்கெனத் தனி விதிகள் வந்துவிட்டன. மதுவே கூடாது என்பவர்களுக்கும் நியாயம் உண்டு. ஆனால் அவர்களிடமும் அழுகும் பழத்துக்குப் பதில் இல்லை.

என் பயம், அந்தச் சந்தை வருவதற்குள் பந்தலே இல்லாமல் போய்விடுமோ என்பதுதான். நான்குவழிச் சாலையை ஒட்டிய நிலத்துக்கு மனை விலை பேசத் தொடங்கினால், வெட்டுக்கு வெட்டு கடன் சொல்லும் விவசாயி எத்தனை வருஷம் தாங்குவார்? ஒருமுறை பிடுங்கிய கல்காலை யாரும் திரும்ப ஊன்றுவதில்லை.

புட்டிக்குச் ‘சிறுமலை’ என்று பெயர் வைக்கலாம். ஒரு சாயங்காலப் பேச்சில் முடிகிற வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கவாத்து அன்றே விவசாயிக்கு எழுதித் தரும் ஆலைதான் முதலில் வேண்டும்.