வில்லனுக்குச் சிம்மாசனம், வில்லிக்குக் கண்ணாடி

அனிமேஷன் படங்களில் கெட்டவர்கள் எத்தனை பேர் ஆண், எத்தனை பேர் பெண் என்று கணக்கெடுப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கைவிட முக்கியமாகப் படுவது, அவர்கள் எதற்காகக் கெட்டவர்களானார்கள் என்ற கேள்வி. 1937-இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் ராணிக்கு ஆள ஒரு நாடே இருக்கிறது. ஆனாலும் தன்னைவிட அழகி ஒருத்தி இருக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே கவலை. 2010-இல் ‘டாங்கில்ட்’ வந்தபோதும், கோத்தெல் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவது தன் இளமை கரையாமலிருக்கத்தான். டிஸ்னியின் ஆண் வில்லன்களான ஜாஃபருக்கும் ஸ்காருக்கும் வேண்டியதோ அரியணை. நம் ஊர்ப் படங்களும் இதற்கு விலக்கல்ல. 2025-இல் வெளியான ‘மகாவதார் நரசிம்மா’வில் இரணியனுக்கு உடன்பிறந்தவனை இழந்த துயரமும், தவமும், மூவுலக ஆட்சியும் உண்டு, அவன் சகோதரி ஹோலிகாவோ மருமகனை மடியில் வைத்துத் தீயில் உட்கார்வதற்காக வருகிறாள், எரிந்து போகிறாள். யூகோ சாகோவும் ராம் மோகனும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய இராமாயணத்தில் இராவணனுக்கு அவை இருக்கிறது, தம்பிமார் இருக்கிறார்கள், போரில் பறிகொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சூர்ப்பணகைக்கு இருப்பது ஓர் ஆசையும் அறுபட்ட மூக்கும்தான்.

பழங்கதையில் இருந்ததைத்தானே படமாக்கினார்கள், இதில் இயக்குநர் மேல் என்ன குற்றம் என்று கேட்கலாம். பழங்கதையும் கல்வெட்டு அல்ல. கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் மகளைக் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற உறுத்தலில், 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். டிஸ்னிக்குக் கிடைத்தது ஏற்கெனவே திருத்தப்பட்ட வில்லி. கிரிம் சகோதரர்கள் திருத்தியதைப் போல நாமும் திருத்தலாம். 1990-களில் ஆண் வில்லன்கள் பெருகிவிட்டார்களே என்பது இன்னொரு வாதம். பெருகினார்கள், ஆனால் ஜாஃபரையும் ஸ்காரையும் உற்றுப் பாருங்கள். மை தீட்டியது போன்ற கண், ஒசிந்த நடை, இழுத்துப் பேசும் குரல். பெண்மையின் சாயலைப் பூசினால் அந்த ஆணை நம்ப முடியாதவனாகக் காட்டிவிடலாம் என்ற கணக்கு அது. ஆள்தான் மாறினான், அச்சம் பழையதுதான்.

இதற்கு மாறான ஒரு கதைமரபு அந்தமானில் இருக்கிறது. அங்குள்ள பழங்குடியினரான கிரேட் அந்தமானியரில் வடபகுதிக் குழுவினர் புயலை அனுப்பும் தெய்வத்தைப் பிலிகு என்றார்கள், அவள் பெண். தென்பகுதிக் குழுக்களிடம் அதே தெய்வம் புலுகா, அவன் ஆண். 1906 முதல் 1908 வரை அங்கே களப்பணி செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1922-இல் வெளியிட்ட நூலில் இரண்டையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தேன்மெழுகை எரித்தால், சில்வண்டைக் கொன்றால், அது ஒலிக்கும் நேரத்தில் கூச்சல் போட்டால், காலமல்லாத காலத்தில் குறிப்பிட்ட கிழங்குகளைத் தோண்டினால் அந்தத் தெய்வத்துக்குக் கோபம் வரும், புயலடிக்கும். ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் கோபத்துக்கான காரணங்கள் பெரும்பாலும் இவையே. வடக்கே சொன்ன ஒரு கதையில், பிலிகு தூங்கும்போது மீன்கொத்தி அவளுடைய நெருப்பைத் திருடிக்கொண்டு பறக்கிறது. விழித்தவள் முத்துச்சிப்பியை எடுத்து வீசுகிறாள். சிறகும் வாலும் துண்டாகி, மீன்கொத்தி மனிதனாகிவிடுகிறது. அனிமேஷன்காரர்கள் கனவு காணும் காட்சி இது! அதில் கண்ணாடியும் இல்லை, மூப்பைப் பற்றிய பயமும் இல்லை. அவளுடைய பொருள் களவு போயிற்று, அவள் சினந்தாள்.

தெய்வத்தை வில்லியோடு ஒப்பிடலாமா என்று சிலர் தயங்குவார்கள். மரத்தை வேரோடு சாய்ப்பது, மின்னலை எறிவது, திருடனைத் துண்டாக்குவது என்று திரைப்பட வில்லி செய்வதையெல்லாம் பிலிகுவும் செய்கிறாள். இருந்தும் அந்தமானியர் அவளைத் தீயவள் என்று ஒதுக்காமல், எதைச் செய்தால் அவள் சீறுவாள் என்று தெரிந்து நடந்துகொண்டார்கள். ஒப்பிட வேண்டிய இடம் இதுதான். ஆண், பெண் வேறுபாடே பதிவு செய்தவர்களின் பிழையாக இருக்கலாமே என்பது இதைவிடக் கனமான ஐயம். 1880-களில் எழுதிய ஆங்கில அதிகாரி இ. எச். மேன், புலுகாவைக் கிட்டத்தட்ட பைபிளின் கடவுளாகவே வரைந்தார். அந்தச் சித்திரத்தை ராட்கிளிஃப்-பிரவுன் ஏற்கவில்லை. அப்படி மறுத்தவரே தெற்கில் ஆண், வடக்கில் பெண் என்ற வேறுபாட்டை உறுதிப்படுத்துகிறார் என்பதால், அதை நம்பலாம் என்றே நினைக்கிறேன்.

டிஸ்னியும் 2016-இல் ‘மோவானா’வில் இந்தப் பக்கம் வந்தது. அதில் எரிமலை அரக்கியாகச் சீறும் தே கா, இதயம் களவு போன தீவுத்தெய்வம் தே ஃபிட்டிதான். அந்தப் படத்துக்காகப் பசிபிக் தீவு மக்களைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழுவும் அமைத்தார்கள். அதன் மேலும் விமர்சனங்கள் எழுந்தன என்றாலும், கேட்க வேண்டும் என்ற எண்ணமாவது இருந்தது. கிரேட் அந்தமானியர் இன்று மிகச் சிலரே. அவர்களின் குடியிருப்பு ஸ்ட்ரெய்ட் தீவில் இருக்கிறது. அன்விதா அப்பி போன்ற மொழியியலாளர்கள் கடைசி முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்ததால்தான் அவர்களின் கதைகள் சில இன்று அச்சில் கிடைக்கின்றன. சென்னையிலோ ஹைதராபாத்திலோ ஒரு ஸ்டூடியோ பிலிகுவை வரைய விரும்பினால், அவளுக்கு முகம் கொடுப்பதற்கு முன் அந்தக் குடும்பங்களின் சம்மதத்தை வாங்க வேண்டும். வருமானத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதையும் அப்போதே எழுதி முடிக்க வேண்டும்.