பூட்டிக் கிடக்கும் சுரங்க ரயில் பாதை: உள்ளே போய் படம் எடுக்கலாமா?

வ. புதுப்பட்டி, வத்திராயிருப்பு பக்கத்து ஆட்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ கொல்லம் ரயில் ஏறினால், செங்கோட்டை தாண்டியதும் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். மலைக்குள் குகை வரப்போகிறது! ஒரே கூச்சல், பெட்டி முழுக்க கேமரா வெளிச்சம். ஆனால் படத்தில் பெரும்பாலும் விழுவது வெறும் கறுப்புதான்.

அது ரயில் ஓடுகிற குகை. ரயிலே ஓடாமல் பூட்டிக் கிடக்கும் சுரங்கம் என்றால், அதைப் படம் எடுக்க உலகம் முழுக்க ஒரு கூட்டமே அலைகிறது. அவர்களை அதிகம் இழுத்த இடங்களில் ஒன்று லண்டனில் இருக்கிறது.

*லண்டனுக்கு அடியில் என்ன?*

தபால் மூட்டைகளுக்காகவே கட்டப்பட்ட ரயில் பாதை அது. பெயர் மெயில் ரயில். பேடிங்டன் முதல் வைட்சேப்பல் வரை சுமார் 10.5 கி.மீ. தூரம், 8 நிலையங்கள். தண்டவாள அகலம் வெறும் 2 அடி. ஓட்டுநரே கிடையாது, மின்சாரத்தில் தானாக ஓடியது.

வேலை தொடங்கியது 1914-ல். முதல் உலகப்போர் குறுக்கே வந்ததால், முடியாத சுரங்கத்தில் ஓவியங்களைப் பாதுகாத்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரோசெட்டா கல்லும் குண்டுவீச்சுக்குத் தப்ப இங்கேதான் பதுங்கியிருந்தது. ரயில் ஓடத் தொடங்கியது 1927-ல். சாலை வழியே அனுப்புவது மலிவு என்று 2003 மே மாதம் நிறுத்திவிட்டார்கள்.

*மூடிய பிறகு?*

2011-ல் அனுமதி இல்லாமல் உள்ளே இறங்கிய சிலர் எடுத்த படங்கள் இணையத்தில் பரவின. துருப்பிடித்த வண்டிகள், வளைந்து போகும் சுரங்கம் என்று எல்லாமே பார்த்தவர்களை அசத்தின. 2017-ல் அதே பாதையின் ஒரு பகுதியை அஞ்சல் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறந்தது. இப்போது டிக்கெட் எடுத்து, சின்ன ரயிலில் உட்கார்ந்தே சுற்றிப் பார்க்கலாம். திருட்டுத்தனமாக இறங்க வேண்டியதில்லை.

*இருட்டில் படம் எப்படி எடுப்பது?*

ஃப்ளாஷ் அடித்தால் காற்றில் உள்ள தூசுதான் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அதன் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகவும் போகாது. போனை ட்ரைபாடில் வைத்து, நைட் மோடில், 2 விநாடி டைமர் போட்டு எடுங்கள். பட்டனை அழுத்தும்போது வரும் அசைவு படத்தில் விழாது. டார்ச்சைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் ஓரமாகப் பிடித்தால், சுவரின் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும்.

*சட்டம் என்ன சொல்கிறது?*

கைவிடப்பட்ட இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லை என்று அர்த்தமில்லை. இந்திய ரயில்வே சட்டம், 1989-ன் 147-வது பிரிவின்படி, ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அதைவிடப் பெரிய அபாயம் உயிருக்கு. மின்மயமாக்கப்பட்ட பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி. தொடவே வேண்டாம், செல்ஃபி ஸ்டிக் அருகில் போனாலே மின்சாரம் பாயலாம். ஓடும் பாதையின் குகைக்குள் நடந்து போனால், ரயில் வரும்போது ஒதுங்கவும் இடமிருக்காது. ரயில் ஓடாத சுரங்கமும் பத்திரமில்லை. காற்றோட்டம் இருக்காது, எந்தக் கல் எப்போது விழும் என்றும் சொல்ல முடியாது.

*அப்போ எங்கே எடுக்கலாம்?*

சுரங்கம் இல்லாவிட்டாலும், கைவிடப்பட்ட ரயில் நிலையம் நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடி நிலையத்தின் இடிந்த சுவர்களைப் பகலில் யாரும் போய்ப் பார்க்கலாம். அதிகாலை வெளிச்சத்தில் அந்தச் சுவர்களே நல்ல படம். சுவர் மேல் மட்டும் ஏறாதீர்கள்.

கொல்லம் ரயிலில் குகை வரும்போது? இருக்கையில் உட்கார்ந்தபடி, ஃப்ளாஷை அணைத்துவிட்டு, குகை முடியும் இடத்தில் வெளிச்சம் வளையமாகத் தெரியும்போது எடுங்கள். கையை வெளியே நீட்டாதீர்கள். கதவுப் படியில் நின்று மட்டும் வேண்டவே வேண்டாம்.