பெட்டியில் ஒரு பேர்... சம்பளச் சீட்டில் வேறு பேர்!



செப்டம்பர் மாதம் வந்தால் போதும், டி.வி.யிலும் பேப்பரிலும் புது ஐபோன் செய்திதான். கேமரா எத்தனை, என்னென்ன கலர், விலை எவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். "லட்ச ரூபாய் போனுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

சம்பந்தம் இருக்கிறது. அந்த ஐபோன்களில் ஒரு பகுதி நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில்தான் தயாராகிறது. அதைச் செய்கிற கைகளில் பெரும்பாலானவை இளம்பெண்களின் கைகள். பல மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறிப் போய், ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள் அவர்கள். அதனால் செல்போன் கம்பெனிச் செய்தி நம்ம வீட்டுச் செய்தியும்தான். அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்போமா?

ஊறுகாய் கணக்குதான்!

ஒரு குழு ஊறுகாய் போட்டுக் கொடுக்கிறது என்று வையுங்கள். டவுன் கடைக்காரர் மொத்தமாக வாங்கி, தன் கடைப் பேரில் லேபிள் ஒட்டி விற்கிறார். வாங்குகிறவருக்கு லேபிளில் உள்ள பேர்தான் தெரியும். மாங்காய் நறுக்கியது யார் என்று தெரியாது. நாளைக்கே அவர் வேறு குழுவுக்கு ஆர்டரை மாற்றிவிட்டால், லேபிள் அப்படியே இருக்கும், நமக்குத்தான் வேலை இருக்காது.

போன் தொழிலும் இப்படித்தான். ஐபோன் பெட்டியில் இருப்பது ஆப்பிள் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பேர். ஆனால் ஆப்பிளுக்கு இங்கே சொந்தமாக போன் ஆலை கிடையாது. தைவான் நாட்டு பாக்ஸ்கான், நம் நாட்டு டாடா மாதிரி கம்பெனிகள்தான் ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கின்றன. அந்த ஆலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க ஒப்பந்தக்காரர்களும் உண்டு. ஆக, ஒரே போனுக்குப் பின்னால் மூன்று பேர்: பெட்டியில் ஒன்று, ஆலை கேட்டில் ஒன்று, சில பிள்ளைகளின் சம்பளச் சீட்டில் இன்னொன்று.

மலை மாதிரி இருந்த நோக்கியா

நோக்கியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2003-ல் வந்த டார்ச் லைட் வைத்த 1100 போன், உலகம் முழுக்க சுமார் 25 கோடி விற்றது. 2007 வாக்கில் உலகத்தில் விற்ற 10 போன்களில் கிட்டத்தட்ட 4 நோக்கியாதான். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை ஓட ஆரம்பித்தது. உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். அதிலும் பெண்கள்தான் நிறைய. பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு கவுரவமான வேலை, கையில் சம்பளம், கூட்டிப்போக பஸ் என்று பெற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு என்ன ஆச்சு? 2007-ல் ஆப்பிள் ஐபோன் வந்தது. 2008-ல் கூகுளின் ஆண்ட்ராய்டு போன் வந்தது. பட்டன் போனில் ராஜாவாக இருந்த நோக்கியாவால் விரலால் தடவுகிற போனில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2013 செப்டம்பரில் தன் போன் தொழிலையே மைக்ரோசாஃப்ட் கம்பெனிக்கு விற்பதாக அறிவித்தது.

அதே 2013-ல் வருமான வரித்துறை சுமார் 2,000 கோடி ரூபாய் கேட்டு நோக்கியாவுக்கு நோட்டீஸ் கொடுத்திருந்தது. வழக்கில் சொத்துக்கள் முடங்கியதால், 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது நம்ம ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதில் சேராமல் தனியாக நின்றது. நேற்றுவரை சொந்த ஆலை, இன்று மைக்ரோசாஃப்டுக்கு ஆர்டர் செய்து கொடுக்கிற ஆலை! அந்த ஆர்டரையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2014 நவம்பர் 1 முதல் ஆலை மூடப்பட்டது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். 25 வயதில் விருப்ப ஓய்வு! எந்த ஊர் நியாயம் இது?

ஆலையில் வேலை செய்த பிள்ளைகள் ஒரு தப்பும் செய்யவில்லை. போனில் குறையில்லை, வேலையில் சுணக்கமில்லை. முடிவெல்லாம் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் எடுத்தது. வரிச் சண்டை டெல்லியில் நடந்தது. வேலை போனது மட்டும் ஸ்ரீபெரும்புதூரில்.

நோக்கியா என்ற கம்பெனி இன்றைக்கும் இருக்கிறது. டவருக்கு வேண்டிய கருவிகள் செய்கிறது. 2017-லிருந்து நோக்கியா பேர் போட்டு வந்த புதுப் போன்களைக் கொண்டு வந்தது எச்.எம்.டி. என்ற வேறொரு கம்பெனி. மூடிய ஆலையை ஆப்பிளுக்கு சார்ஜர் செய்து கொடுக்கிற சால்காம்ப் வாங்குவதாக 2019-ல் அறிவிப்பு வந்தது. பேர் ஓரிடம், ஆள் ஓரிடம் பார்த்தீர்களா?

கேள்வி கேட்டால் யார் பதில் சொல்வது?

2020 டிசம்பரில் கர்நாடகா கோலார் மாவட்டம் நரசாபுராவில், ஐபோன் செய்து கொடுத்த விஸ்ட்ரான் ஆலையில் பெரிய கலவரம். சம்பளம் சரியாக வரவில்லை என்று தொழிலாளர்கள் கொதித்துப் போனார்கள். அங்கே பெரும்பாலானவர்கள் ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவர்கள். சம்பளம் தாமதமானது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. ஆப்பிள் அந்த ஆலைக்குப் புது ஆர்டரை நிறுத்தி வைத்தது. 2023-ல் அந்த ஆலையை டாடா வாங்குவதாக அறிவிப்பு வந்தது.

2021 டிசம்பரில் நம்ம ஊரிலேயே நடந்தது. பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கிய ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகளுக்கு என்ன ஆச்சு என்று சரியான பதில் கிடைக்காமல் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை சில வாரம் மூடியது. ஹாஸ்டலும் சாப்பாட்டுக் கூடமும் தரமாக இல்லை என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டது. அந்தப் பெண்கள் ரோட்டுக்கு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் பெரிய விடுதியை சிப்காட் மூலம் அரசு திறந்தது.

அனுப்பும் முன்பு கேளுங்கள்

பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. சொந்தச் சம்பளம் ஒரு பெண்ணுக்கு எவ்வளவு தைரியம் என்று நமக்குத் தெரியாதா? விவரம் தெரிந்து அனுப்புவோம்.

1. வேலை உத்தரவு யார் பேரில்? ஆலை பேரா, ஒப்பந்தக்காரர் பேரா? நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் போனால், அதைக் கொடுக்கும் பொறுப்பு ஆலைக்கு உண்டு என்பது சட்டம்.

2. பி.எஃப். பிடிக்கிறார்களா? அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 12 சதவீதம் பிடித்தால், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் கொடுப்பார்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. பணம் ஏறுகிறதா என்று உமங் ஆப்பில் பார்க்கலாம்.

3. இ.எஸ்.ஐ. உண்டா? உடம்புக்கு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

4. ஹாஸ்டலை நடத்துவது யார்? சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள்? புகார் என்றால் யாரிடம் சொல்வது?

5. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. நகல் போதும்.

குழுவிலும் யோசிப்போம்

"பொண்ணு கம்பெனிக்குப் போறா, கட்டிடுவேன்" என்று உறுப்பினர் கடன் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்போம். ஆனால் மூன்று வருஷத் தவணை முழுவதையும் அந்த ஒரு சம்பளத்தை நம்பிப் போடாமல், ஆடோ மாடோ தையலோ வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறதா என்றும் பார்த்துத் தீர்மானம் எழுதுங்கள். இது சந்தேகம் இல்லை, அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்கிற பாதுகாப்பு. உலகத்தில் முதலிடத்தில் இருந்த நோக்கியா, இங்கே ஆலை திறந்து ஒன்பது வருஷம் முடிவதற்குள் மூடிவிட்டது.

இனி போன் கம்பெனிச் செய்தி வந்தால் கேமராவைப் பற்றிப் படிப்பதோடு விடாதீர்கள். யார் யாரை வாங்கினார்கள், ஆர்டர் யாருக்குப் போகிறது என்று கீழே சின்னதாகப் போட்டிருக்கும். அதையும் படியுங்கள். இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். வேலைக்குப் போயிருக்கிற பிள்ளைகளுக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, "உன் சம்பளச் சீட்டில் யார் பேர் இருக்கு கண்ணு?" என்று கேளுங்கள்.