நோய் நீங்கிய பின் வலிமை மீளுமாறு

காய்ச்சல் தணிந்து, வைத்தியரும் மருந்தை நிறுத்திவிட்டால், நோய் தீர்ந்தது என்று வீட்டார் ஆறுதலடைவர். ஆயினும், படுக்கையை விட்டெழுந்த மாணவன் நாலடி நடந்ததும் தலை சுழன்று சுவரைப் பற்றுகின்றான். புத்தகத்தை விரித்தால் ஒரு பக்கத்தை முடிக்கு முன்னரே மனம் சோர்கின்றது. நோய் நீங்குதல் வேறு, நலம் மீளுதல் வேறு என்னும் உண்மை அப்பொழுதே அவனுக்குப் புலனாகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்திற் செய்யத்தக்கன யாவை, தவிர்க்கத்தக்கன யாவை என்பதை ஆராய்தல் பயனுடையதாகும்.

இக்காலத்தில் இருவகைப் பிழைகள் நேர்வதுண்டு. ஒன்று, சோர்வு முற்றாக அகலும்வரை படுத்தே இருத்தல். மற்றையது, இழந்த நாள்களை ஈடுசெய்ய விரும்பி ஒரே நாளிற் பழைய வேலை முழுவதையும் மேற்கொள்ளுதல். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று மாறானவை போலத் தோன்றினும், இரண்டிற்கும் மூலம் ஒன்றே. உடல் தன் வலிமையைப் படிப்படியாகவே மீளப் பெறுகின்றது என்பதை அறியாமையே அது.

முற்காலத்தில் ஓய்வே சிறந்த மருந்து என்று மேனாட்டு வைத்தியரும் கருதினர். நோயாளர் வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடத்தப்பட்டனர். 1947ஆம் ஆண்டில் றிச்சாட் ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர், படுக்கையால் விளையும் தீங்குகளை எடுத்துக்காட்டிப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் எச்சரித்தது எத்துணை மெய் என்பதை 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் நிகழ்ந்த ஓர் ஆய்வு அளந்து காட்டிற்று. இருபது வயதளவினரான, நோயற்ற ஐந்து இளைஞர் மூன்று வாரம் படுக்கையிலேயே இருத்தப்பட்டனர். கடும் உழைப்பின்போது உடல் நிமிடமொன்றிற்கு ஏற்கவல்ல ஒட்சிசனின் அளவு, சராசரியாக 3.3 இலீற்றரிலிருந்து 2.4 இலீற்றராகக் குறைந்தது. அஃதாவது, நாலிலொரு பங்கிற்கும் மேற்பட்ட ஆற்றல் மூன்றே வாரத்தில் அழிந்தது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் செலுத்தும் குருதியின் அளவு குன்றியமையே இதற்குத் தலையாய காரணம். முப்பது ஆண்டுகளின் பின்னர், 1996இல், அதே ஐவரையும் மீண்டும் சோதித்தபோது, அம்முப்பதாண்டு மூப்பு விளைத்த நலிவினும் அம்மூன்று வாரப் படுக்கை விளைத்த நலிவே பெரிதெனக் காணப்பட்டது.

எனினும், அவ்வாய்வின் பிற்பகுதி நம்பிக்கை அளிப்பது. படுக்கை விட்டெழுந்தபின் எட்டு வாரம் முறையான உடற்பயிற்சி பெற்றதும், அவர்களின் சராசரி ஆற்றல் முன்னிருந்த அளவினையும் கடந்தது. இழந்தது மூன்று வாரத்தில். மீட்பதற்கான முயற்சியோ எட்டு வாரம் நீடித்தது. நோயுற்றெழுந்தவர் இதனை மனத்திற் கொள்ளின், முதல் வாரத்துச் சோர்வு கண்டு கலங்கார்.

உணவு பற்றிய உண்மைகளை வேறோர் ஆய்வு விளக்குகின்றது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், பசியால் வாடிய மக்களை மீட்கும் வழியை அறியவேண்டி, 1944ஆம் ஆண்டு நவம்பரில் மினசோற்றாப் பல்கலைக் கழகத்தில் அஞ்செல் கீஸ் என்னும் பேரறிஞர் அதனைத் தொடங்கினார். தாமாகவே முன்வந்த 36 ஆடவர் 24 வாரம் அரைப்பட்டினி இருந்து, உடல் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கை இழந்தனர். அவர்கள் உடல் மெலிந்ததோடு உள்ளமும் மெலிந்தனர். சிரிப்பும் நட்பும் குன்றின, எளிதிற் சினந்தனர், எந்நேரமும் உணவையே நினைந்தனர். பின்பு உணவு கூட்டப்பட்டபோது, விற்றமின்களையும் புரதத்தையும் மிகுதியாகச் சேர்த்தமை பெரும்பயன் தரவில்லை. போதிய அளவு முழு உணவே அவர்களைத் தேற்றிற்று. உள்ளத்தின் ஊக்கமோ உணவு கூட்டப்பட்ட உடனே திரும்பிற்றில்லை. பலருக்கு முழுநலம் எய்த மாதங்கள் பல சென்றன. எனவே, நோயுற்றெழுந்த மாணவனின் மறதியையும் சிடுசிடுப்பையும் சோம்பலென்றோ ஒழுக்கக் குறைவென்றோ கொள்ளுதல் தவறாகும். ஊட்டம் குன்றிய உடலின் குரலாகவும் அவை இருத்தல் கூடும்.

நெடுநாள் பட்டினி கிடந்தவர்க்குத் திடீரெனப் பேருணவு அளித்தலும் ஆபத்தாகும். அந்நிலையிற் சுரக்கும் இன்சுலின், குருதியிலுள்ள பொசுபேற்றையும் பொற்றாசியத்தையும் கலங்களுக்குட் செலுத்துகின்றது. அவை குருதியில் மிகக் குறைந்துவிடின் இதயமும் தளர்வுறும். சாதாரணக் காய்ச்சலுற்றவர்க்கு இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. ஆயினும் முதலிற் கஞ்சி, பின் குழைந்த சோறு, அதன்பின் வழக்கமான உணவு என்று படிப்படியாகச் செல்லும் வீட்டு வழக்கம், சோர்ந்த வயிற்றிற்கு ஏற்றதே. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்துட் பெரும்பாலான குறள்கள் உண்ணும் அளவையே பேசுதலும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பயிற்சிக்கும் ஓரளவுண்டு. அவ்வளவை அன்றைய உற்சாகத்தாலன்றி மறுநாளின் நிலையாலேயே அறிதல் வேண்டும். இன்று கால்மணி நேரம் நடந்தவன் நாளைக் காலையிலும் தெளிவுடன் எழுவானாயின், அவ்வளவு அவனுக்குப் பொருந்தியதென்க. பின்பு சிறிது கூட்டலாம். மறுநாள் உடல்வலியும் களைப்பும் மிகுந்து தோன்றின், முந்திய அளவிற்குத் திரும்புதலே அறிவுடைமை. ஒரு சிலர்க்குக் கிருமித்தொற்றின் பின்னர் சிறு முயற்சியும் பல நாட் சோர்வை விளைக்கும் நிலை ஏற்படுகின்றது. 2020ஆம் ஆண்டு முதல் கொரோனா நோயுற்ற பலரிடத்தும் இது காணப்பட்டது. அத்தகையோரை மேன்மேலும் பயிற்சி செய்யுமாறு தூண்டுதல் தீங்காகும். அவர் வைத்தியரை நாடுதலே தக்கது.

உறக்கமும் இம்மீட்சிக்கு இன்றியமையாதது. நோயின்போது பகலில் உறங்கி இரவில் விழித்திருந்தவர்க்கு உடலின் நாளொழுங்கு குலைந்துவிடுகின்றது. நாடோறும் ஒரே வேளையில் எழுந்து காலை வெளிச்சத்தில் உலாவுதல் அதனைத் திரும்பவும் ஒழுங்குபடுத்தும். பரீட்சை நெருங்கியதென்று இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பவன், படித்ததை நினைவில் நிறுத்தும் உறக்கத்தையே இழக்கின்றான்.

ஆகவே, நோயினின்றும் எழுந்த மாணவனுக்கு வேண்டுவன போதிய உணவும், ஒழுங்கான உறக்கமும், நாளுக்கு நாள் சிறிது சிறிதாக வளரும் முயற்சியுமாம். பெற்றோரும் ஆசிரியரும் அவனுக்கு அளிக்கத்தக்க பேருதவி, சில வாரக் கால அவகாசமே. தவறிய பாடங்களைப் பின்னர்ப் படித்துக்கொள்ளலாம். அவசரத்தாற் குலைந்த உடலைத் தேற்றுதற்கோ, தவறிய பாடங்களுக்கு வேண்டியதினும் நெடிய காலம் வேண்டப்படும்.