கீபோர்டு வாசிப்பவரின் இடது கை

செபராங் ஜெயாவில் கல்யாண விருந்திலோ கோயில் திருவிழாவிலோ இசைக்குழு பாடும்போது கூட்டத்தின் கண் பாடகர் மேல்தான் இருக்கும். ஓரத்தில் இரண்டு கீபோர்டுகளை மேலும் கீழுமாக அடுக்கி நிற்பவரை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆனால் பாட்டில் வரும் வயலின் கூட்டம், புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவர் கையிலிருந்துதான் வருகின்றன.

நாதஸ்வரம் வரும் இடத்தில் அவருடைய இடது கையைப் பார்க்க வேண்டும். கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சிறு சக்கரத்தை உருட்டிக்கொண்டிருப்பார். கட்டைகள் படிக்கட்டு மாதிரி. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவத்தான் முடியும், வழுக்கிப் போக முடியாது. அந்தச் சக்கரம்தான் சுரத்தை வளைத்துக் கமகம் போலக் கேட்க வைக்கிறது.

மெட்டல் இசையிலும் இதே கைவேலைதான். அமெரிக்காவின் டிரீம் தியேட்டர் குழுவில் 1999 முதல் கீபோர்டு வாசிக்கும் ஜோர்டன் ரூடஸ், அந்தச் சக்கரத்தைக் கொண்டே கீபோர்டை மின்சாரக் கிட்டார் மாதிரி அலற வைப்பார். ஒன்பது வயதில் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பியானோ படிக்கச் சேர்ந்தவர் அவர். மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீல் கிட்டாரும் அவருக்குக் கைவந்தது.

இந்த இரண்டு உலகத்திலும் வேலை பார்த்த தமிழர் ஏ.ஆர். ரஹ்மான். பிள்ளை ராக் குழுவில் சேர்ந்தால் நம் வீடுகளில் "இது சோறு போடுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ரஹ்மான் வீட்டில் இசைக்கருவிகள் நிஜமாகவே சோறு போட்டன. 1976-இல் தந்தை ஆர்.கே. சேகர் இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பதினொரு வயதிலேயே அவர் இசைக்குழுக்களில் வாசிக்கப் போனார். பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது. அது குடும்பச் சூழ்நிலை, யாரும் பின்பற்ற வேண்டிய வழியல்ல.

சினிமாவில் இளையராஜா உள்ளிட்டோருக்கு வாசித்த அதே இளைஞர், சென்னையில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் ரூட்ஸ் என்ற குழுவிலும், நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவிலும் கீபோர்டு வாசித்தார். பிறகு விளம்பர இசை, 1992-இல் 'ரோஜா'. ராக் பழக்கம் அதோடு போய்விடவில்லை. 2011-இல் மிக் ஜாக்கருடன் சூப்பர்ஹெவி குழுவில் இசைத்தட்டே வெளியிட்டார்.

ரூடஸும் ரஹ்மானும் ஒரே கருவியில் வந்து சேர்ந்ததுதான் வேடிக்கை. கண்டினியம் என்ற அந்தக் கருவியில் கட்டைகளே கிடையாது. மெத்தென்ற பரப்பில் விரலை இழுத்தால் சுரம் வழுக்கிப் போகும். 2005-இல் வந்த டிரீம் தியேட்டரின் 'ஆக்டேவேரியம்' பாட்டின் தொடக்கத்தில் ரூடஸ் அதை வாசித்தார். 2009-இல் வந்த 'டெல்லி 6' படத்தின் 'ரெஹ்னா தூ' பாட்டு முடியும் இடத்தில் ரஹ்மானின் கண்டினியத்தைக் கேட்கலாம்.

அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. பிள்ளைக்கு முதல் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் இரண்டைப் பார்த்தால் போதும்: கட்டையை அழுத்தும் வேகத்துக்கேற்ப ஓசை கூடிக் குறைகிறதா, இடப்பக்கம் அந்தச் சக்கரம் இருக்கிறதா. மலிவு விலைக் கீபோர்டுகள் பலவற்றில் இரண்டுமே இருக்காது.