வேலணைக் கரையில் சிப்பி உடைத்தவர்கள்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், வேலணைப் பாலத்தின் அருகே தொல்லியலாளர்கள் அகழ்ந்தது ஒரு குப்பைமேடு. அரண்மனையும் இல்லை, கோயிலும் இல்லை. யாரோ சாப்பிட்டு எறிந்த மட்டி ஓடுகள், எலும்புகள், அவற்றிடையே கல்லில் செதுக்கிய சிறு கருவிகள். திலங்க சிறிவர்தனவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் வெளியிட்ட கணிப்பின்படி, அந்த மேட்டின் வயது ஏறத்தாழ 3,460 ஆண்டுகள். 1980 இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த பெருங்கற்காலப் புதைகுழிக்கும் முத்திரைக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள் இவர்கள்.

மட்டியைவிட அந்தக் கற்களே என்னை அதிகம் யோசிக்க வைக்கின்றன. குடாநாட்டிலும் தீவுகளிலும் எங்கே தோண்டினாலும் சுண்ணக்கல்தான் வரும். கூராகச் செதுக்க வேண்டுமானால் குவார்ட்ஸ் வேண்டும், சேர்ட் வேண்டும். அவை வன்னிப் பக்கத்து மண்ணுக்கு உரியவை. இரணைமடுவின் சரளைப் படிவுகளில் கற்காலக் கருவிகளே கிடைத்திருக்கின்றன. ஆகவே வேலணைக்கு வந்தவர்கள் கல்லைக் கையோடு கொண்டு வந்தார்கள், அல்லது கொண்டு வருபவர்களோடு பழக்கம் வைத்திருந்தார்கள். கரையில் தற்செயலாக ஒதுங்கியவர்கள் இப்படி ஆயத்தத்தோடு வருவதில்லை.

ஆறில்லாத, கருவிக்கேற்ற கல்லில்லாத, வருடத்தில் பாதி காய்ந்து கிடக்கிற நிலத்தில் பழைய மனிதருக்கு என்ன வேலை என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தோம். நிலத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அவர்கள் வந்தது கடலுக்காக.

பண்ணையிலிருந்து தீவுப்பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பரவைக்கடல் தெரியும். பல இடங்களில் முழங்கால் அளவு, மிஞ்சினால் இடுப்பளவு. அடியில் சேறும் சாதாழையும், ஓரத்தில் கண்டல். வள்ளமோ பெரிய வலையோ இல்லாமலே காலால் துழாவி மட்டி எடுக்கலாம். கல்லிடுக்கில் நண்டு பிடிக்கலாம். நீர் வற்றும்போது குழிகளில் தங்கும் மீனைக் கையாலேயே அள்ளலாம். கிழவியும் சிறுபிள்ளையும் செய்யக்கூடிய வேலை இது. வேட்டைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்புகிற நாளிலும் அடுப்பு எரிந்திருக்கும். கற்கால வாழ்க்கை என்றாலே ஈட்டியோடு ஓடும் ஆணைப் படமாக வரைகிறோம். இந்தக் கரையில் குடும்பத்தைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு பொறுக்கிய கைகளுக்கு என்றே நான் நினைக்கிறேன். குடிநீருக்கும் வழி இருந்தது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி உவர்நீரின் மேல் மிதந்து நிற்பதால், பூவல் எனும் ஆழமில்லாத குழி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும்.

சிப்பி மேட்டைப் படிப்பதற்கு நிதானம் தேவை. மட்டியில் சதை கொஞ்சம், ஓடு நிறைய. ஓட்டை எண்ணி, மட்டியே முழுச் சாப்பாடு என்று முடிவு கட்டினால் பிழைத்துப்போகும். ஒரு கடற்பசு, அதாவது ஆவுளியா, பல குடும்பங்களுக்கு இறைச்சி தந்திருக்கும், ஆனால் சில எலும்புகளையே விட்டுச் சென்றிருக்கும். அதே ஓடுகள்தான் எலும்புகளைக் காப்பாற்றவும் செய்கின்றன: அவற்றின் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை அடக்கிவிடுகிறது. ஓட்டின் வளர்ச்சிக் கோடுகளை உருப்பெருக்கியில் பார்த்தால், அந்த மட்டி எந்தப் பருவத்தில் செத்தது என்று அறியலாம். மீனின் செவிக்கல்லும் அதன் வயதைச் சொல்லும். காலக்கணிப்பில் மட்டும் கவனம் வேண்டும். கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் சிப்பி தன் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் மூப்பாகத் தோன்றும். திருத்தம் செய்யாத கணக்கு நம்பத்தக்கதல்ல.

வேலணை தனித்து நிற்கவில்லை. மாந்தையில் துறைமுகக் காலத்து மண்ணடுக்குகளுக்கு அடியில் கி.மு. 1800 அளவிலான இடைக்கற்காலத் தடயம் கிடைத்தது. தூத்துக்குடித் தேரிக்காட்டுச் செம்மணலில் நுண்கற்கருவிகள் இருக்கின்றன. ஹம்பாந்தோட்டைப் பக்கத்தில் பள்ளேமலல, மினி-எதிலிய ஆகிய இரு சிப்பி மேடுகளில், ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதர்கள் சிப்பிகளுக்கு நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். உண்ட இடத்திலேயே உறவினரைப் புதைத்தவர்களுக்கு அந்த மேடு வெறும் குப்பையாக இருந்திருக்காது.

அந்தத் தெற்கு மேடுகள் வெளிச்சத்துக்கு வந்ததே சிப்பி அகழும் தொழிலால்தான். அகழ்ந்தவர்கள் எடுத்துப் போனதில் எத்தனை எலும்புகள் சூளைக்குப் போயினவோ! நமது பக்கத்திலும் சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் வழக்கம் பழையது. வீதிக்கும் கட்டடத்துக்கும் மண் வெட்டுவது புதியது. மண்டைதீவு, புங்குடுதீவு, காரைநகர், நெடுந்தீவு ஆகியவற்றின் கரைகளை இந்தக் கண்ணோடு யாரும் முழுமையாக நடந்து பார்ப்பதற்கு முன்னர் இயந்திரம் அங்கே போய்விடக் கூடாது. தீவுப்பகுதிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிப்பி மேடு எப்படி இருக்கும் என்று காட்டிக் கொடுத்தாலே போதும். கடற்கரையை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?